கனடியக் குடியுரிமைத் தேர்வு: ஆண்டைப் பாடமாக்காதீர்கள், காரணத்தைப் பிடியுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

கனடியக் குடியுரிமைத் தேர்வுக்கு வரலாற்றைப் பாடமாக்குவதா, விளங்கிப் படிப்பதா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் கணக்கை அழகாகப் போட்டார். 20 கேள்வி, 45 நிமிடம், 15 சரியென்றால் பாஸ். மாதிரிக் கேள்விகளைப் பாடமாக்கினால் வேலை முடிந்தது என்றார். கணக்கு சரி. வழிதான் பிழை.

அரசாங்கம் தேர்வுக் கேள்விகளை வெளியிடுவதில்லை. கையில் தருவது ‘டிஸ்கவர் கனடா’ என்ற இலவச வழிகாட்டி நூல். நண்பர் புகழ்ந்த தொகுப்புகளோ அந்த நூலை வாசித்துவிட்டு யாரோ ஊகித்து எழுதியவை. எலிசபெத் மகாராணி 2022 செப்டெம்பரில் காலமானார். நாட்டின் தலைவர் யார் என்ற கேள்விக்கு அவரையே விடையாக வைத்திருக்கும் பழைய தொகுப்பைப் பாடமாக்கியவர் திரையில் மகாராணியைத் தேடிக்கொண்டிருப்பார். இங்கே நடப்பது அரசியலமைப்பு முடியாட்சி, முடி யார் தலையில் இருக்கிறதோ அவரே நாட்டின் தலைவர், அவருக்குப் பதிலாக இங்கே இருப்பவர் ஆளுநர் நாயகம், அரசாங்கத்தை நடத்துபவர் பிரதமர் என்று விளங்கியவர் சார்ள்ஸ் மன்னரைத் தெரிவு செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இன்னொன்று பாருங்கள். 1791-இல் மேல் கனடா, கீழ்க் கனடா என்று பிரித்தார்கள். வரைபடத்தில் கியூபெக் மேலே ஏறி நிற்பதால் அதுதான் மேல் கனடா என்று கை தானாகப் போகும். போனால் ஒரு புள்ளி போச்சு. சென் லோறன்ஸ் ஆறு பேரேரிகளிலிருந்து இறங்கி அத்திலாந்திக்கை நோக்கி ஓடுகிறது. ஆற்றின் மேற்பக்கம் இன்றைய ஒன்ராறியோ. கடலை நோக்கிய கீழ்ப்பக்கம் கியூபெக். வயலுக்குத் தண்ணி பாய்ச்சியவருக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

நடுவர் அவர்களே, 1870, 1871, 1873, 1885. இந்த நான்கு ஆண்டுகளையும் எதிரணி நண்பர் நான்கு தொலைபேசி இலக்கம் போலப் பாடமாக்கச் சொல்கிறார். ஆனால் இவை நான்கும் ஒரே கதை. ஹட்சன் பே என்ற தோல் வணிகக் கொம்பனியின் கையிலிருந்த பரந்த வடமேற்கு நிலத்தைக் கனடா வாங்கியது. செந்நதிப் பக்கம் ஏற்கெனவே வாழ்ந்த, பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெத்தி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லூயி ரியெல் தலைமையில் எழுந்தார்கள். அதன் பலனாக 1870-இல் மனிடோபா மாகாணமானது. மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா தனியே நின்றது. ரயில் பாதை போட்டுத் தருகிறோம் என்ற வாக்குறுதியில் அது 1871-இல் சேர்ந்தது. மேற்கே சட்டம் ஒழுங்கைக் காக்க ஆள் வேண்டுமே? 1873-இல் வடமேற்குக் குதிரைப் பொலிஸ். இன்றைய கூட்டாட்சிப் பொலிஸான ஆர்சிஎம்பியின் மூதாதை. 1885-இல் சஸ்காச்சுவானில் ரியெல் மீண்டும் எழுந்தபோது, முடிந்தும் முடியாத அந்த ரயில் பாதையிலேயே படை போனது. நவம்பர் 7-இல் பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டது. நவம்பர் 16-இல் ரியெல் தூக்கிலிடப்பட்டார். இடையில் ஒன்பதே நாள். பாதையின் கடினமான பகுதிகளில் உழைத்த சீனத் தொழிலாளர் இனி வேண்டாம் என்று அதே ஆண்டில் நாட்டுக்குள் வரும் சீனர் மீது ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரியும் வந்தது. அதற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2006-இல். ஒரு நூலிழையைப் பிடித்து இழுத்தால் ஆறேழு கேள்விக்கு விடை வருகிறது, நடுவர் அவர்களே!

பெண்கள் வாக்குரிமையில்தான் அதிகம் சறுக்கும். மாகாணத் தேர்தல் வேறு, கூட்டாட்சித் தேர்தல் வேறு என்பதைக் கவனிக்காதவர் 1916-ஐயும் 1918-ஐயும் மாற்றிவிடுவார். 1916 மனிடோபா மாகாணத்துக்கு. 1917-இல் கூட்டாட்சித் தேர்தலில் சிலருக்கு மட்டும்: போர்முனைத் தாதியர், போருக்குப் போனவர்களின் மனைவி, தாய், சகோதரியர். ஏன் அவர்கள் மட்டும்? கட்டாய இராணுவ சேவையை முன்வைத்து நடந்த தேர்தல் அது; இவர்கள் ஆதரிப்பார்கள் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. 1918-இல்தான் 21 வயதான பெரும்பாலான பெண்களுக்கு. கியூபெக் மாகாணம் 1940 வரை இழுத்தடித்தது.

மாகாணத் தலைநகரங்களைப் பாடமாக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஒன்ராறியோவின் தலைநகரமான ரொறன்ரோவிலேயே இருந்துகொண்டு ஒட்டாவாவை அதன் தலைநகரம் என்று அமத்துகிறவர்களுக்கு விளக்கம் சொல்லி என்ன பயன்! அதற்கு வரைபடமும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

வரலாற்றுக்கு வழி வேறு. ஒரு தாளை நீளவாக்கில் மடியுங்கள். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் ‘ஏன்’. பதினைந்து வரிக்கு மேல் போக வேண்டாம். போனால் நீங்களும் பாடமாக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ‘ஏன்’ பக்கத்தை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்லுங்கள். தடக்கும் வரிக்கு மட்டும் நூலைத் திறவுங்கள். தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: 1986-இல் உயிர்ப்படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கரைசேர்த்த நியூஃபவுண்ட்லாந்து, வாக்கெடுப்பு நடத்திக் கனடாவோடு சேர்ந்தது 1949-இல்தான். மாதிரிக் கேள்வியைக் கடைசி வாரத்தில் எடுங்கள். பிழைத்தால் சரியான விடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், பிழையான தெரிவு ஏன் உங்களை இழுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்து ஆண்டோ, பக்கத்து மாகாணமோ இழுத்திருக்கும்.

தவறினால் மறுபடி எழுதலாமே என்றார் நண்பர். எழுதலாம், 30 நாளுக்குள் மூன்று முறை. மூன்றும் போனால் அதிகாரி முன்னால் உட்கார வேண்டி வரலாம். அவர் வாயால் கேட்பார். நான்கு தெரிவைக் கண்ணால் பார்த்து ஞாபகப்படுத்தும் பழக்கம் அங்கே எப்படிக் கைகொடுக்கும்?

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒன்று. கனடா என்ற கூட்டமைப்புக்கு 1864-இல் முதலில் கூடிப் பேசியது பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சார்லட்டவுனில். ஆனால் 1867 யூலை 1-இல் சேர்ந்த ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் என்ற நான்கில் அந்தத் தீவு இல்லை; 1873-இல்தான் வந்தது. விருந்து வைத்த வீட்டுக்காரர் ஆறு வருடம் ஏன் வாசலிலேயே நின்றார், பிறகு எந்த ரயில் பாதைக் கடன் அவரை உள்ளே தள்ளியது? உங்கள் கேள்வித் தொகுப்பில் இருந்தால் இந்த மேடையிலேயே வாசித்துக் காட்டுங்கள். வணக்கம்.