எஃப்ஐஆர்ல வந்த பேரு எத்தன வருஷம் இருக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். நான் கிரிமினல் கேஸ் நடத்துற வக்கீல். எங்க ஆபீஸுக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குறது, "சார், கேஸ் முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு, தானா அழிஞ்சிருக்கும்ல?"னு. இல்லைங்க. இத்தன வருஷம் ஆனா கேஸ் ரெக்கார்டு காலாவதின்னு நம்ம நாட்டுல பெரியவங்களுக்குப் பொதுவா ஒரு சட்டமே கிடையாது. ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வாங்குன அரசியல்வாதி, ரிலீஸாகி ஆறு வருஷம் போனா மறுபடி தேர்தல்ல நிக்கலாம், ஆனா காலேஜ் அடிதடியில பேர் வந்த பையனுக்கு அந்த மாதிரி கணக்கு எதுவும் இல்ல, என்னத்த சொல்ல!

18 வயசுக்குள்ள நடந்ததுன்னா கத வேற. 2015 சிறார் நீதிச் சட்டம் 24வது பிரிவுப்படி, அப்பீல் டைம் முடிஞ்சதும் பொதுவா அந்த ரெக்கார்டையே அழிக்கணும். 16 தாண்டி, கொடூரக் குற்றத்துல பெரியவங்க மாதிரி விசாரிச்சு தண்டிச்சிருந்தா மட்டும் இது பொருந்தாது.

டிராஃபிக் ஃபைன கட்டிட்டா பெரும்பாலும் அதோட சரி. ஆபத்தா வண்டி ஓட்டி மாட்டுனா மட்டும் உஷாரா இருங்க, மூணு வருஷத்துக்குள்ள மறுபடி மாட்டுனா ரெண்டாவது குற்றம்னு எடுத்து தண்டனை கூடிரும்.

நிறைய பேர் சறுக்குறது போலீஸ் செலக்‌ஷன்ல. வெரிஃபிகேஷன் ஃபாரத்துல, உங்க மேல எப்பவாவது கேஸ் இருந்துச்சான்னு ஒரு கேள்வி வரும், நம்மாளு விடுதலை ஆயிட்டோமேன்னு 'இல்லை'ன்னு எழுதிருவான். தீர்ப்போட கடைசிப் பக்கத்துல "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை"ன்னு இருக்கும், அதாவது குத்தம் சந்தேகமில்லாம நிரூபணம் ஆகலன்னுதான் விட்டிருக்காங்க, அத யாரும் படிக்கறதில்ல. தமிழ்நாடு போலீஸ் வேலைக்கு அந்த மாதிரி விடுதலையும் கேஸ்ல சம்பந்தப்பட்டதாத்தான் கணக்குன்னு சென்னை ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் 2008லயே சொல்லிருச்சு. மறைச்சா இன்னும் மோசம். சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி சில்லறை கேஸ மறைச்சிருந்தா வேலை குடுக்குறவங்க மன்னிச்சு விடலாம்னு சுப்ரீம் கோர்ட் 2016ல சொன்னது நெஜம்தான், ஆனா அது அவங்க இஷ்டம்.

அதனால ரெண்டு தரப்பும் சமாதானம் ஆயிட்டா, சாட்சி முன்ன சொன்னத மாத்திச் சொல்லி அந்த மாதிரி விடுதலை வரட்டும்னு வருஷக்கணக்கா இழுக்காம, ஹைகோர்ட்ல BNSS (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528வது பிரிவுல மனு போட்டு எஃப்ஐஆர குவாஷ், அதாவது ரத்து, பண்ண முடியுமான்னு மொதல்ல கேளுங்க. தீர்ப்பு வந்த கையோட சர்டிஃபைட் காப்பி வாங்கி வச்சுக்கோங்க, பத்து வருஷம் கழிச்சு ரெக்கார்டு ரூம்ல அந்தக் கட்டத் தேடி எடுக்கறதுக்குள்ள ஜாயினிங் டேட் போயிரும்.