வாங்குவது ரிப்பன் மாளிகை, முடிவெடுப்பது யார்? சென்னையின் உள்ளூர் வரிகளும் சட்டமும்

[திரையில்: சொத்து வரி ரசீது. பெயரும் பில் எண்ணும் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

வணக்கம். சென்னையில் சொந்த வீடோ ஃபிளாட்டோ வைத்திருப்பவர்களுக்கு இந்த ரசீது பழக்கம்தான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு பிறந்த 30 நாளுக்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும்.

தொகை ஏறும்போது யாரைக் கேட்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது. நாம் வார்டு கவுன்சிலரைப் பிடிக்கிறோம். அவர் மேயரைக் காட்டுகிறார், ரிப்பன் மாளிகையில் இருக்கும் மாநகராட்சி அரசாணையைக் காட்டுகிறது, அரசு டெல்லியைக் காட்டுகிறது. யார் கை எந்த இடம் வரை நீள்கிறது என்று சட்டம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அது தெரியாததால் கேள்வியைத் தவறான வாசலில் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். இந்த வீடியோவில் சரியான வாசல் எது என்று பார்ப்போம்.

[திரையில்: அரசமைப்புச் சட்டம், பிரிவு 265]

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது, வசூலிக்கவும் கூடாது. பிரிவு 265 சொல்வது இது. அந்தச் சட்டத்தை யார் இயற்றலாம் என்பதற்கு ஏழாவது அட்டவணையைப் பார்க்க வேண்டும். அதில் மாநிலப் பட்டியலின் 49ஆவது இனம் நிலங்கள், கட்டடங்கள் மீதான வரி. 60ஆவது இனம் தொழில் வரி. கவனியுங்கள், இரண்டுமே மாநிலத்தின் கையில் இருக்கின்றன. மாநகராட்சிகளுக்கு அரசமைப்பில் நேரடியாக எழுதி வைத்த வரி அதிகாரம் கிடையாது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் கொண்டுவந்த பிரிவு 243எக்ஸ் கூட, மாநிலச் சட்டமன்றம் விரும்பினால் நகராட்சிகளுக்கு வரி விதிக்கும் அதிகாரம் தரலாம் என்கிறதே தவிர, தர வேண்டும் என்று சொல்லவில்லை. 1688இல் தொடங்கிய, நாட்டிலேயே மிகப் பழைய மாநகராட்சிக்கும் இதுதான் நிலை.

49ஆவது இனத்துக்கு வடசென்னையில் ஒரு கதை உண்டு. 1966இல் மாநில அரசு நகர்ப்புற நிலங்களின் சந்தை மதிப்பை வைத்து நகர்ப்புற நில வரி கொண்டுவந்தது. பெரம்பூரில் பரந்த நிலம் வைத்திருந்த பக்கிங்ஹாம் அண்டு கர்நாட்டிக் மில், நம் வாய்வழக்கில் பி அண்டு சி மில், வழக்குப் போட்டது. சொத்தின் மூலதன மதிப்பின் மீது வரி போடுவது ஒன்றியத்தின் வேலை, மாநிலத்துக்கு அந்த உரிமை இல்லை என்பது வாதம். 1969இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவரின் மொத்தச் சொத்தின் நிகர மதிப்பின் மீது போடும் வரி வேறு, ஒரு குறிப்பிட்ட நிலத்தின் மீது நேரடியாகப் போடும் வரி வேறு என்றது. சொத்து வரியைச் சந்தை மதிப்போடு இணைக்கலாம் என்று எந்த மாநிலம் பேசினாலும் இந்தத் தீர்ப்பில் வந்துதான் நிற்க வேண்டும்.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு படியாக]

இனி ரசீதில் உள்ள தொகைக்கு வருவோம். சென்னையில் பல ஆண்டுகள் நடந்த கணக்கு இது. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை விகிதம். குடியிருப்புகளுக்கு 60 பைசாவில் இருந்து 2 ரூபாய் 40 பைசா வரை. பெரம்பூரில் 900 சதுர அடி ஃபிளாட், தெரு விகிதம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை மதிப்பு 1,800 ரூபாய். அதை 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு 19,656 ரூபாய்.

இந்த 10.92 எங்கிருந்து வந்தது? வாடகை 100 ரூபாய் என்றால் 10 ரூபாய் நிலத்துக்கு, 90 ரூபாய் கட்டடத்துக்கு. கட்டடம் தேயும், பராமரிப்பு வேண்டும் என்பதால் அந்த 90இல் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். மிச்சம் 91. பன்னிரண்டு மாதத்துக்கு 1,092. ஆண்டு மதிப்பில் இவ்வளவு சதவீதம் என்று போடுவதுதான் வரி.

கணக்கில் தவறில்லை. பெரம்பூரில் 900 சதுர அடி வீட்டை மாதம் 1,800 ரூபாய்க்கு இன்று யார் வாடகைக்கு விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. சென்னையில் 1998க்குப் பிறகு இருபது ஆண்டுகள் சொத்து வரிச் சீரமைப்பு நடக்கவே இல்லை. மற்ற நகரங்களில் 2008இல் நடந்தபோதும் சென்னை விடப்பட்டது. வரியைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்ற பயம் எந்தக் கட்சி ஆண்டாலும் மாறவில்லை. 2018இல் ஒருமுறை ஏற்றினார்கள். எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த தவணைகளில் கழித்துக் கொடுத்தார்கள்.

அந்த 2018 உயர்வில் என்னை உறுத்துவது தொகை இல்லை. 2016 அக்டோபரில் இருந்து 2022 தொடக்கம் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகம்தான். ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று பிரிவு 243யு சொல்லியும் நடக்கவில்லை. ஒரு கவுன்சிலர்கூட இல்லாத நகரத்தில் மக்களின் சொத்து வரியை மாற்றினார்கள். இது நியாயமா என்று அன்றே உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

[திரையில்: 2022 ஏப்ரல்]

2022 பிப்ரவரியில் தேர்தல், ஏப்ரலில் வரி உயர்வு. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் போன்ற பகுதிகளில் இதே வரிசையில் 25, 50, 75, 100. நம் பெரம்பூர் ஃபிளாட்டுக்கு அரையாண்டு வரி 1,000 ரூபாயாக இருந்திருந்தால் அது 1,750 ஆனது. அதே 900 சதுர அடி அம்பத்தூரில் இருந்தால் 1,500.

ஏன் ஒரேயடியாக இந்த ஏற்றம்? ஒன்றிய நிதியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் 15ஆவது நிதி ஆணையம் ஒரு நிபந்தனை வைத்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய மானியம் வேண்டுமென்றால், மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிக்க வேண்டும். அதன் பிறகு மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும். இதையொட்டி மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஆண்டுக்கு 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இதில் எது அதிகமோ அது. அந்த அடிப்படையில்தான் 2024 செப்டம்பரில் மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. நம் 1,750 அதோடு 1,855 ஆனது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறும் வரியைக் குடும்பங்கள் தாங்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் தூங்கவிட்டு ஒரே நாளில் எழுப்பினால், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பெரியவர்கள்தான் முதலில் அடி வாங்குகிறார்கள். ஆகவே ஆண்டு உயர்வு என்ற யோசனையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த விகிதத்தை டெல்லியின் நிபந்தனையும் கோட்டையின் திருத்தமும் சேர்ந்து தீர்மானித்துவிட்ட பிறகு, 200 கவுன்சிலர்கள் உட்கார்ந்து விவாதிக்க என்ன மிச்சம் இருக்கிறது? ஏறிய பணம் எந்தத் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போகிறது என்பதைக் கேட்கும் உரிமைதான் மிச்சம். அதையாவது விடாமல் கேட்க வேண்டும்.

[திரையில்: சம்பளப் பட்டியல், "தொழில் வரி" என்ற இடம் வட்டமிடப்பட்டிருக்கிறது]

அடுத்தது தொழில் வரி. சம்பளத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை சத்தமில்லாமல் பிடிப்பார்கள். பலர் இதை வருமான வரியின் ஒரு பகுதி என்றே நினைக்கிறார்கள். இது மாநகராட்சிக்குப் போகும் பணம்.

அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. அதன் பிறகு படிப்படியாக ஏறி, 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். அதோடு படி முடிந்துவிடுகிறது. அரையாண்டுக்கு 75,000 என்றால் மாதம் 12,500 ரூபாய். மாதம் 13,000 ரூபாய் வாங்கும் செக்யூரிட்டியும், அவர் காவல் காக்கும் ஓ.எம்.ஆர். கட்டடத்தில் மாதம் மூன்று லட்சம் வாங்கும் மேலாளரும் கட்டும் தொழில் வரி ஒரே தொகை.

2024இல் மாமன்றம் இந்த வரியை உயர்த்தத் தீர்மானித்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் மாதம் 9,000 ரூபாய்க்கு நிற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அரையாண்டு வருமானம் 54,000. அவருக்கான தொகை 690இல் இருந்து 930 ஆனது. மூன்று லட்சம் வாங்குபவருக்கு 1,250 அப்படியே இருந்தது, ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

மாநகராட்சி வேண்டுமென்றே ஏழையைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. பிரிவு 276 ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. முன்பு 250 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 1988இல் 60ஆவது திருத்தம் 2,500 ஆக்கியது. அதன் பிறகு யாரும் தொடவில்லை. 14ஆவது நிதி ஆணையம் 12,000 ரூபாயாக உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தினால்தான் அது நடக்கும். மேலே இடமில்லாததால், கூடுதல் வருவாய் தேடும் மாநகராட்சி கீழ்ப் படிகளில்தான் கை வைக்க முடிகிறது. மிகச் சிறிய சம்பளக்காரர்கள் மீது விழும் இந்தப் பாரத்துக்குத் தீர்வு ரிப்பன் மாளிகையிலும் கோட்டையிலும் கிடையாது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. சென்னைக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்.

[திரையில்: மெட்ரோ வாட்டர் பில்]

"குழாயில் தண்ணீரே வரவில்லை, குடிநீர் வரி ஏன் கட்ட வேண்டும்?" இந்தக் கேள்வி கமெண்டில் அடிக்கடி வருகிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் குடிநீர் வாரியம் நம்மிடம் இரண்டு வகையாகப் பணம் வாங்குகிறது. ஒன்று, சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்துக் கணக்கிடும் வரி. மற்றது, இணைப்புக்கும் பயன்பாட்டுக்குமான கட்டணம்.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்தியா முழுக்கச் சொல்லிக்கொடுத்த வழக்கு மெட்ராஸில் இருந்துதான் போனது. 1951ஆம் ஆண்டு மெட்ராஸ் இந்து அறநிலையச் சட்டம், மடங்களும் கோயில்களும் வருமானத்தில் 5 சதவீதம் வரை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது. சிரூர் மடம் எதிர்த்தது. 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: குறிப்பிட்ட சேவைக்குக் கைமாறாக வாங்குவது கட்டணம். பொதுச் செலவுக்காகக் கட்டாயமாக வாங்குவது வரி. அந்த 5 சதவீதம் பொது நிதியில் போய்ச் சேர்ந்ததால் அது வரி, அதை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று அந்தப் பிரிவை ரத்து செய்தது. பின்னாளில் வந்த தீர்ப்புகள், கட்டணத்துக்கும் சேவைக்கும் ரூபாய்க்கு ரூபாய் கணக்கு ஒத்துப்போகத் தேவையில்லை என்று தளர்த்தின. அடிப்படை மட்டும் மாறவில்லை.

ஆகவே தண்ணீர் வரவில்லை என்ற வாதம் கட்டணத்துக்கு எதிராக எடுபடும். வரிக்கு எதிராக எடுபடுவது கடினம். வலிக்கிற உண்மைதான், ஆனால் மனு எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ட்ரல் ஸ்டேஷன் சொத்து வரி கட்டுகிறதா? இல்லை. பிரிவு 285இன்படி ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது. ஆனால் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில், 2009இல், சேவைக் கட்டணம் தர ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டது. எல்லாச் சேவையும் பயன்படுத்தினால் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு என்றால் 50, ஒன்றும் இல்லை என்றால் 33.33 சதவீதம். ரயில்வே, ராணுவம் என்று ஒன்றிய அரசின் நிலம் நிறைந்த சென்னைக்கு இது சின்ன விஷயம் இல்லை. அரசுக்குச் சொந்தமானாலும் தனிச் சட்ட அமைப்பாக இருப்பவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது. இந்திய உணவுக் கழகம் தொடர்பான 1999ஆம் ஆண்டு வழக்கில் அது முடிவாகிவிட்டது.

சொத்து வரியோடு சேர்ந்து வரும் நூலக வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948இல் இந்த மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தில் இருந்து வருவது அது. நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ரசீதில் நான் மனமார மகிழ்ந்து கட்டும் ஒரே தொகை இதுதான். மாநகராட்சி இதை நூலகத் துறைக்காக வசூலித்துக் கொடுக்க வேண்டும், வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது.

[திரையில்: மண்டல அலுவலகம்]

கடைசியாக, உங்கள் ரசீதிலேயே தவறு இருந்தால் என்ன செய்வது? முதலில் பரப்பளவைச் சரிபாருங்கள். கிரயப் பத்திரத்தில் உள்ள கட்டடப் பரப்பும் மாநகராட்சிப் பதிவில் உள்ள பரப்பும் ஒன்றா? 1,200 சதுர அடிக்கும் 1,210 சதுர அடிக்கும் நடுவில் ஒரு படி தாண்டுகிறது, பழைய சென்னைப் பகுதியில் 2022 உயர்வின் 75 சதவீதம் 100 ஆகிவிடுகிறது. அடுத்து, குடியிருப்பு என்பதற்குப் பதில் வணிகம் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதே பகுதியில் வணிகக் கட்டடத்துக்கு உயர்வு 150 சதவீதம். தவறு இருந்தால் உங்கள் மண்டலத்தின் உதவி வருவாய் அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனால், சட்டத்தில் மேல்முறையீட்டு வழி இருக்கும்போது முதலில் அங்கே போங்கள் என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். அப்போது அந்த ஒப்புகைச் சீட்டைத்தான் கேட்பார்கள்.