இசட்80-க்கும் எஃப்பிஜிஏ-வுக்கும் நடுவில் இரண்டே ஐசி!

வணக்கம் மக்களே. போர்டு வந்துவிட்டது! கீபோர்டு வீடியோ கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது அடுத்த முறை. இன்று இதைப் பற்றி மட்டும்தான்.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். இந்தப் பக்கம் 5 வோல்ட்டில் ஓடும் இசட்80, அந்தப் பழைய எட்டு பிட் பிராசஸர், அதோடு 62256 ராம். அந்தப் பக்கம் 3.3 வோல்ட் ஐஸ்40 எஃப்பிஜிஏ, அதாவது உள்ளே இருக்கும் லாஜிக்கை நாமே அமைத்துக்கொள்ளும் சிப். நடுவில் கறுப்பாக இரண்டு சில்லு தெரிகிறதா? கிளாக் என்ற ஒரே கம்பியைத் தவிர, 5 வோல்ட்டையும் 3.3-ஐயும் ஒத்துப்போக வைக்கும் லெவல் ஷிஃப்டிங் மொத்தமும் அவ்வளவுதான்.

இசட்80-க்கு 40 கால். சப்ளை, கிரவுண்ட் போனால் 38 சிக்னல். டேட்டா லைன் எட்டும் இரண்டு திசையிலும் போகும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் போர்டில் ராம் கிடையாது... இல்லை இல்லை, ரோம் கிடையாது. ஆன் செய்ததும் எஃப்பிஜிஏ, பஸ்ஸை விடச் சொல்லி இசட்80-ஐக் கேட்கும் பஸ்ரிக்வெஸ்ட் லைனை இழுத்து, பஸ்ஸைத் தன் கைக்கு எடுத்து, ராமில் புரோகிராமை எழுதும். அந்த நேரத்தில் 16 அட்ரஸ் லைனும், ரீட், ரைட் போன்ற லைன்களும்கூட எதிர்த் திசையில் ஓடியாக வேண்டும்.

இதற்கு 245 வகை இருதிசை பஃபர் ஐசி போடலாமே என்று ஒவ்வொரு வீடியோவிலும் யாராவது கேட்கிறார்கள். எனக்கு அந்த டைரக்ஷன் பின்னைக் கண்டாலே ஆகாது. எட்டு பிட்டுக்கு ஒரு திசை, அதைச் சரியான நேரத்தில் திருப்ப எஃப்பிஜிஏ-வில் தனி லாஜிக், தவறினால் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் மோதும். லைனுக்கு ஒன்றாகப் போடும் பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் நல்ல சரக்குதான், இரண்டே கம்பி உள்ள ஐ-ஸ்கொயர்-சி-க்கு நானே அதைத்தான் போடுவேன். ஆனால் 38 லைனுக்கு 38 மாஸ்ஃபெட், 76 ரெசிஸ்டர். போர்டில் வேறு எதற்கு இடம் இருக்கும்?

அப்புறம் அந்த டிஎக்ஸ்பி0108 மாட்யூல். திசையைத் தானே கண்டுபிடிக்கும் என்று போட்டு விற்கிறார்கள். எனக்கு அதன் மேல் உண்மையிலேயே கோபம். அது ஒரு லைனை நிலையாகப் பிடித்து வைப்பது சுமார் 4 கிலோ ஓம் வழியாகத்தான். இசட்80 போர்டில் வெயிட், இன்ட்டரப்ட் லைன்களில் 10 கிலோ ஓம் புல்-அப், அதாவது லைனை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர், இருக்கும். கணக்குப் போடுங்கள்: 5 பெருக்கல் 4, வகுத்தல் 14. லோ என்று நினைத்து அனுப்பினால் 1.4 வோல்ட் நிற்கும். இசட்80 லோ என்று ஒத்துக்கொள்வது 0.8 வரைக்கும்தான். வெளியே புல்-அப் போட்டால் 50 கிலோ ஓமுக்கு மேல் இருக்கட்டும் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. விற்கிற பக்கத்தில் அந்த ஒரு வரியைப் போட்டால் என்ன?

சரி, நம் நாயகனுக்கு வருவோம். சிபி3டி16211. ஒரே ஐசி-யில் 24 ஸ்விட்ச். பஃபர் கிடையாது, டைரக்ஷன் பின் கிடையாது, சப்ளையும் 3.3 மட்டும்தான். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியதும் மிதவை வால்வு மூடிக்கொள்ளும் அல்லவா, அதே மாதிரி, 5 வோல்ட் பக்கத்திலிருந்து வரும் சிக்னல் இந்தப் பக்கம் 3.3-ஐத் தொட்டதும் ஸ்விட்ச் தானாக மூடிக்கொள்ளும். எஃப்பிஜிஏ-வுக்கு அதற்கு மேல் போகாது. திரும்பி வரும்போது 3.3 அப்படியே 3.3-ஆகத்தான் போகும். இசட்80-க்கும் ராமுக்கும் 2.2 வோல்ட் இருந்தாலே ஹை, ஆகவே தாராளம். திறந்திருக்கும்போது தடை 5 ஓம் அளவுதான், 10 கிலோ ஓம் புல்-அப் எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் ஒரே ஒரு கம்பி அடங்காது. இசட்80-க்குத் தாளம் போடும் கிளாக்! மற்ற எல்லா உள்ளீடும் 2.2-க்கு ஒத்துக்கொள்ளும் அதே சிப், கிளாக் காலுக்கு மட்டும் சப்ளையில் 0.6 குறைவாவது வேண்டும் என்கிறது. அதாவது 4.4 வோல்ட். புல்-அப் போட்டு ஏற்றலாம், ஆனால் சிக்னல் ஏறும் விளிம்பு சாய்ந்து போகும், கிளாக்கில் அதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால்தான் இந்த மூலையில் ஐந்து கால் குட்டி, 74ஏஹெச்சிடி1ஜி125. ஐந்து வோல்ட்டில் ஓடும், 3.3-ஐ ஹை என்று ஏற்கும், முழு 5 வோல்ட்டாக வெளியே தரும். ஸ்கோப்பில் பாருங்கள், எட்டு மெகாஹெர்ட்ஸ், எவ்வளவு செங்குத்தான விளிம்பு! இந்தப் படத்தை நான் பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேல் ஒட்டப் போகிறேன்.

ஆக, கிளாக் போக 37 லைன், இரண்டு ஐசி-யில் 48 இடம். பதினொன்று மிச்சம்!

சாலிடரிங் பற்றிச் சொல்லவே இல்லையே. சிபி3டி16211-க்கு 56 கால், கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர். நிறைய ஃப்ளக்ஸ், அகலமான டிப், ஒரே இழுவை. கூரான டிப் வாங்காதீர்கள். லேஅவுட்டும் சுகம்: ஒரு ஓரம் முழுக்க ஏ பக்கம், எதிர் ஓரம் முழுக்க பி பக்கம். டிரேஸ் நேராக ஓடுகிறது, ஒன்றை ஒன்று தாண்டவே இல்லை.

இன்னொன்று, அதே ஐசி-யின் எனேபிள் கால்கள். ஒவ்வொரு 12 ஸ்விட்சுக்கும் ஒன்று, லோ ஆனால்தான் திறக்கும். அதை 3.3-க்கு ஒரு ரெசிஸ்டரால் இழுத்து வையுங்கள். எஃப்பிஜிஏ கன்ஃபிகர் ஆகி முடியும் வரை இரண்டு பக்கமும் பிரிந்தே இருக்கும்.

வாங்கும்போது பெயரில் அந்த 3டி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சிபிடி16211 என்றால் அது 5 வோல்ட் சப்ளையில் ஓடும் வேறு ஐசி, கிட்டத்தட்ட 4 வோல்ட்டை உள்ளே விடும். ஐஸ்40 அதைத் தாங்காது. போர்டு ஃபைல்கள் கீழே இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.