நாடகத்தில் ஒன்றும் நடக்காது, வாழ்க்கையில்?

அடுத்த கேள்வி. “சாமுவேல் பெக்கட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தில் இரண்டு பேர் ஒரு மரத்தடியில் யாருக்காகவோ காத்துக்கிடக்கிறார்கள். அவன் வருவதே இல்லை. வாழ்க்கையில் அடிபடாமல், அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எழுதியவர்தானே இவர்?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இல்லை ஐயா, நேர்மாறு. 1906-இல் டப்ளினுக்கு அருகே வசதியான குடும்பத்தில் பிறந்தவர் என்பது உண்மை. கல்லூரிக் காலத்தில் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரரும்கூட. டிரினிட்டி கல்லூரியில் பிரெஞ்சும் இத்தாலியமும் படித்தார், பாரிசுக்குப் போய் அயர்லாந்து நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸின் வட்டத்தில் சேர்ந்தார். அதுவரை நீங்கள் சொல்வதுபோலத்தான்.

1938 ஜனவரியில் பாரிஸ் தெருவில் ஒருவன் அவருடைய மார்பில் கத்தியால் குத்திவிட்டான். மயிரிழையில் பிழைத்தார். மருத்துவமனையில் தனி அறைக்குப் பணம் கட்டியவர் ஜாய்ஸ். பிற்பாடு குத்தியவனை நேரில் பார்த்தபோது, “ஏன் குத்தினாய்?” என்று பெக்கட் கேட்டார். “தெரியவில்லை ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றானாம். அவர் நாடகத்தில் வைத்தால் அப்படியே பொருந்திவிடும் வசனம்!

போர் வந்தது. அயர்லாந்து நடுநிலை நாடு, ஊருக்குப் போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். போகவில்லை. ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிசில் ரகசிய எதிர்ப்புக் குழு ஒன்றில் சேர்ந்தார். உளவுத் தகவல்கள் துண்டுத் தாள்களில் வரும். அவற்றைச் சுருக்கித் தட்டச்சு செய்து கொடுப்பது அவர் வேலை. 1942-இல் பாதிரியார் ஒருவரே குழுவைக் காட்டிக்கொடுத்தார். பலர் பிடிபட்டார்கள். பெக்கட்டும் அவருடைய துணைவி சுசானும் தப்பி ஓடி, தெற்கே ரூசியோன் என்ற மலைக் கிராமத்தில் ஒளிந்துகொண்டார்கள்.

இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. போர் எப்போது முடியும், யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாமல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். சாப்பாட்டுக்காக வயலில் வேலை. நாடகத்தின் பிரெஞ்சு மூலத்தில் ஒரு பாத்திரம், ரூசியோனில் திராட்சை அறுவடைக்குப் போனோமே, நினைவில்லையா என்று மற்றவனைக் கேட்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஊர்ப் பெயரைப் பெக்கட்டே எடுத்துவிட்டார். அதனால்தான் பலர் அதைத் தத்துவம் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், கோடோ கடவுளா இல்லையா என்ற சண்டையைவிட அந்தத் திராட்சைத் தோட்டம் முக்கியம்.

போருக்குப் பின் ‘மொல்லாய்’ முதலான மூன்று நாவல்களையும் இந்த நாடகத்தையும் பிரெஞ்சில் எழுதினார். 1953-இல் நாடகம் மேடையேறியபோது அவருக்கு வயது 46. 1957-இல் அமெரிக்காவின் சான் க்வென்டின் சிறையில் ஏறக்குறைய 1,400 கைதிகள் முன்னால் அதை நடித்தார்கள். படித்தவர்களே குழம்பிய நாடகம் அவர்களுக்குச் சிரமமாகவே இல்லை. காத்திருப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லையே!

1969-இல் நோபல் பரிசு. செய்தி வந்ததும் சுசான், “என்ன பேரழிவு!” என்றாராம். பெக்கட் பரிசு வாங்கப் போகவில்லை, பதிப்பாளர் போய் வாங்கிவந்தார். 1989-இல் இருவரும் சில மாத இடைவெளியில் இறந்தார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்கள் ‘கிராப்பின் கடைசி ஒலிநாடா’ என்ற நாடகத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு கிழவர், தன் பழைய குரலை ஓடவிட்டுக் கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.