பூனைக்குப் படர்தாமரை: மருந்து பாதி, வீடு மீதி

[காட்சி: விறாந்தையில் சாக்கின் மேல் பூனைக்குட்டி. கமரா காதோரத்தை நெருங்குகிறது.]

வணக்கம். இந்தக் குட்டியின் காதோரத்தைப் பாருங்கள். ஐந்து ரூபாய்க் குற்றியளவுக்கு மயிர் இல்லை. ஓரத்து மயிர்கள் முறிந்து, அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. மேலே சாம்பல் தூவியதுபோல் செதில். குட்டி பெரிதாகச் சொறிவதும் இல்லை. படர்தாமரை அநேகமாக இப்படித்தான் தொடங்கும்.

பூனைகளுக்குப் பெரும்பாலும் வருவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சை. நாய்க்கும் அது தொற்றும். அதோடு மண்ணில் வாழும் பூஞ்சை ஒன்றும், எலிகளிடமிருந்து வரும் பூஞ்சை ஒன்றும் நாய்க்கு வரலாம். வளவு முழுக்க மண் கிண்டி எலி விரட்டும் வன்னி நாய்க்குச் சொல்லவே வேண்டாம்.

[காட்சி: நாயின் முதுகில் மொட்டைத் திட்டு.]

ஆனால் நாயின் மொட்டைத் திட்டெல்லாம் படர்தாமரை அல்ல. சொறிப் பூச்சியும் பக்டீரியாத் தொற்றும் இதே வேடம் போடும். ஆகவே கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். புற ஊதா விளக்கின் கீழ் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த மயிர் பெரும்பாலும் பச்சையாக ஒளிரும். ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மயிரை எடுத்துப் பூஞ்சை வளர்த்துப் பார்ப்பதென்றால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். வாகனத்தின் கழிவு ஒயிலையும் மண்ணெண்ணெயையும் பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் நஞ்சு. பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரோயிட் கலந்த கிறீமும் வேண்டாம். சிவப்பு மறையும், பூஞ்சை பரவும். குட்டியைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிட்டு வருவதும் வைத்தியம் அல்ல.

வைத்தியர் இட்ராகொனசோல் போன்ற மருந்தை உள்ளே கொடுப்பார். வெளியே மைக்கொனசோலும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஷாம்பு, அல்லது கந்தகச் சுண்ணாம்புக் கரைசல், வாரம் இரு தடவை. திட்டுக்கு மட்டும் போடக்கூடாது; பூஞ்சையைப் பரப்பும், விதை போன்ற நுண்ணிய வித்துகள் உடல் முழுக்க இருக்கும். பூனை சினையாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகள் வயிற்றுக் குட்டிகளைப் பாதிக்கும். வைத்தியம் ஆறு எட்டு வாரம்கூட இழுக்கும். மயிர் முளைத்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள். வைத்தியர் சொல்லும்வரை தொடர வேண்டும்.

[காட்சி: சீமெந்து நிலத்தை ஈரத் துணியால் துடைக்கும் கை.]

பலர் தோற்பது இங்கேதான். உதிர்ந்த மயிரில் ஒட்டிய வித்து ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். காய்ந்த நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் மயிர் பறந்து அலுமாரிக்கு மேலே போய்விடும். ஈரத் துணியால் மயிரை வழித்தெடுங்கள். சவர்க்கார நீரால் கழுவுங்கள். பிறகு குளோரின் திரவம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் அதனோடு கலக்கக் கூடாது. நிலம் காயும்வரை பூனையை அண்டவிடாதீர்கள். சாணம் மெழுகிய நிலத்தில் இதெல்லாம் செய்ய முடியாது என்பதால், நோய் தீரும்வரை குட்டி சீமெந்துப் பக்கமாகவே இருக்கட்டும். அது படுத்த சாக்கை எரித்துவிடலாம். துணிகளை இரண்டு முறை கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

வீட்டிலுள்ள மற்றப் பூனை, நாய்களையும் காட்டுங்கள். திட்டே இல்லாமல் பூஞ்சையைச் சுமக்கும் பூனை உண்டு. இது மனிதருக்கும் தொற்றும். பிள்ளைகளின் கையிலோ கழுத்திலோ வட்டச் சிவப்பு வந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். தலையில் வந்தால் பூச்சு மருந்து மட்டும் போதாது, உள்மருந்து வேண்டும். வீட்டில் பூனை இருப்பதையும் அந்த வைத்தியரிடம் சொல்லுங்கள்.