டிபார்ட்மெண்ட் கம்பெனியானபோது

நேயர்களுக்கு வணக்கம். அரசுத் துறை ஒன்று கம்பெனியாக மாறினால், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு என்ன ஆகும்? பி.எஸ்.என்.எல். கதையை வைத்தே சொல்கிறேன்.

2000 அக்டோபர் 1 அன்று, தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். ஆனது. லைன்மேன் ஏறிய கம்பம் அதேதான், எக்ஸ்சேஞ்சும் அதேதான். ஆனால் சம்பளம் கொடுப்பது இனி அரசு இல்லை. ஓய்வுக்காலத்தில் யார் சோறு போடுவார்கள் என்ற பயம் வந்தது. அதற்கு முந்தைய மாதமே சங்கங்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தன. அப்புறம்தான், துறையிலிருந்து வந்தவர்களுக்கு அரசே ஓய்வூதியம் தரும் என்று மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் 37-ஏ விதி வந்தது. கம்பெனி நேரடியாக எடுத்த ஆட்களுக்கு அது கிடையாது, வருங்கால வைப்புநிதிதான். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு விதமான ஊழியர்கள்.

சரி, சம்பளம்? 2017 ஜனவரி முதல் வரவேண்டிய ஊதிய உயர்வுக்கு அரசு வைத்த நிபந்தனை, கடந்த மூன்று ஆண்டுகளின் லாபம். பி.எஸ்.என்.எல்.லோ நஷ்டத்தில் இருந்தது. தனியார் கம்பெனிகள் 4ஜி விற்றுக்கொண்டிருந்தபோது, அதற்கான அலைக்கற்றையை இதற்கு ஒதுக்க முடிவெடுத்ததே 2019 அக்டோபரில்தான். லாபம் இல்லாத கிராமங்களுக்கும் கம்பி இழுத்தது இதே நிறுவனம். முடிவுகள் டெல்லியில், நஷ்டக் கணக்கு மட்டும் ஊழியர் தலையில். இது நியாயம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். முன்பு ஊதிய உயர்வு கேட்டால் அரசிடம் கேட்டார்கள். இப்போது அரசு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைக் காட்டியது.

அதே 2019 பிப்ரவரியில் மாதச் சம்பளமே தாமதமானது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். மாதக்கணக்கில் கூலி வரவில்லை. கேட்டால் ஒப்பந்ததாரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி ஒப்பந்ததாரரைக் காட்டும்.

அப்புறம் விருப்ப ஓய்வு. 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில் சுமார் 78,500 பேர் வெளியேறினார்கள். மொத்த ஊழியர்களில் பாதி. கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்று வரைபடம் பார்க்காமலே சொல்லத் தெரிந்தவர்கள் அதில் எத்தனை பேரோ! அவர்கள் பார்த்த லைன் பராமரிப்பு ஒப்பந்ததாரர்களிடம் போனது.

ஓய்வூதியம் அரசு தருவதுதானே, அங்கே சிக்கல் இருக்காது என்று நினைப்பீர்கள். கம்பெனியில் ஊதியம் உயராததால் ஓய்வூதியத்தையும் உயர்த்த முடியாது என்ற பதிலைத்தான், எழுபது வயதைத் தாண்டியவர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள்.

வணக்கம்.