இருநூறு முழத் தூரம்

(லெந்து காலத் தியானக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

தாழ்மையைப் பற்றிப் பேச மேடையேறுவது சங்கடமான வேலை. சற்று முன் என்னை அறிமுகப்படுத்திய ஐயா தாராளமாகப் புகழ்ந்தார். நானும் வழக்கம்போலத் தலையைக் குனிந்து, "மகிமையெல்லாம் கர்த்தருக்கே" என்றேன். இது நம் சபைகளில் பழகிப்போன ஒரு சடங்கு. "அடியேன்" என்போம், "எளிய ஊழியக்காரன்" என்போம். அந்த எளிய ஊழியக்காரனின் பெயரை நோட்டீஸில் அச்சடிக்க மறந்துபாருங்கள், அப்போது தெரியும் எளிமை எவ்வளவு என்று!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாழ்மைப் பிரசங்கம் நம்மிடையே யாருக்காகச் செய்யப்படுகிறது? மருமகள்களுக்கு. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கு. சம்பளத்தைச் சற்று உயர்த்தித் தரச் சொல்லும் உபதேசியாருக்கு. முன்வரிசை நாற்காலிகளை நோக்கி அந்தப் பிரசங்கம் திரும்புவது அபூர்வம். அடங்கிப் போ என்பதற்குத் தாழ்மை என்று பெயர் சூட்டுவது வேதத்தின்மேல் பழி போடுவதாகும். இன்று நான் பேசவந்தது ஒரு மனிதன் தேவனுக்கு முன் நிற்கிற நிலையைப் பற்றி.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையொன்றில் இரண்டு பேர் ஜெபம்பண்ண ஆலயத்துக்குப் போகிறார்கள். ஒருவன் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன், மற்றவன் வரி வசூலிக்கிற ஆயக்காரன். பரிசேயன் சொன்னதில் பொய் எதுவும் இருந்ததாக இயேசு சொல்லவில்லை. வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறவன், தசமபாகம் தவறாதவன். நம் சபையில் இருந்திருந்தால் அவனைக் கமிட்டியில் போட்டிருப்போம். ஆயக்காரனோ "தூரத்திலே நின்று" மார்பில் அடித்துக்கொள்கிறான். இப்போது 138ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "கர்த்தர் உயர்ந்தவராயிருந்தும், தாழ்மையுள்ளவனை நோக்கிப்பார்க்கிறார், மேட்டிமையானவனையோ தூரத்திலிருந்து அறிகிறார்." ஆலயத்தில் தூரமாய் நின்றவன் யார், தேவனுக்குத் தூரமானவன் யார் என்று இரண்டையும் சேர்த்து வாசித்தால் கணக்கு தலைகீழாகிறது.

சரி, ஆயக்காரன் நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான். உவமை அங்கே முடிகிறது. எனக்கு அதற்கு அப்புறம்தான் கவலை. அடுத்த நாள் காலை அவன் என்ன செய்தான்? மறுபடியும் விழுந்திருந்தால் எப்படி எழுந்தான்? இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவர்களில் தெளிவாகப் பதில் சொன்னவர், பாரிஸ் நகரத்து மடமொன்றில் சமையல் வேலை பார்த்த ஒருவர்.

அவர் இயற்பெயர் நிக்கோலா எர்மான். பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில், 1614 வாக்கில் பிறந்தவர். அக்காலத்தில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயப்பட்டவர். கால் ஊனத்தோடே கடைசிவரை நடந்தார். பிறகு ஒரு பெரிய வீட்டில் ஏவலாள். கைபட்டதையெல்லாம் உடைத்துவிடுகிற முரட்டு ஆள் என்று தம்மைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸில் கார்மேல் சபை என்னும் கத்தோலிக்கத் துறவியரின் மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, குற்றேவல் செய்யும் சகோதரராக. லாரன்ஸ் என்ற பெயர் அங்கே கிடைத்தது. தம்முடைய தடுமாற்றங்களுக்கெல்லாம் அங்கே தோலை உரிப்பார்கள், அதையே தேவனுக்குக் காணிக்கையாக்கிவிடலாம் என்று எதிர்பார்த்துப் போனாராம். ஆனால் தேவன் தம்மை ஏமாற்றிவிட்டார், அங்கே சந்தோஷத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

அவருக்குச் சமையல் வேலை சுபாவத்திலேயே பிடிக்காது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதையே செய்தார். மடத்துக்குத் திராட்சரசம் வாங்கப் படகில் பிரான்சின் பர்கண்டி பகுதிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் ஒத்துழைக்காது. பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் படகுக்குள் நகர முடிந்தது. "இது உம்முடைய காரியம், ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுப் போனார், காரியம் நன்றாகவே முடிந்தது. நாலு பேர் நாலு திசையிலிருந்து கூப்பிடும் அந்தச் சமையலறைச் சத்தத்திலும், நற்கருணைக்கு முன் முழங்காலில் நிற்கிற அதே அமைதியோடு தேவனோடிருக்க முடிகிறது என்றார். சபை வேறுபாடு பார்க்காமல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போன்றவர்களும் அவரை மதித்து வாசித்தது இதற்காகத்தான்.

இந்த அமைதி அவருக்குச் சேர்ந்த அன்றே வந்துவிடவில்லை. முதல் பத்து ஆண்டுகள் பெரும் வேதனையில் கழிந்தன. மனுஷரும், தன் புத்தியும், தேவனுமே தனக்கு எதிராக நிற்பதுபோல் இருந்தது என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். காலமெல்லாம் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனதார ஒப்புக்கொண்ட பிறகே விடிவு வந்தது.

நான் சொல்லவந்த இடம் இது. 1666 முதல் அவரைச் சந்தித்துப் பேசி, பேசியதைக் குறித்துவைத்த ஜோசப் தெ போஃபோர் என்னும் குருவானவர் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கடமையில் தவறிவிட்டால் லாரன்ஸ் அதை அப்படியே தேவனிடம் ஒப்புக்கொள்வார்: நீர் என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், விழாமல் தடுப்பதும், கெட்டுப்போனதைச் சீராக்குவதும் உம்முடைய வேலை. அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றிக் கலங்கமாட்டார். மறுபடியும் பாத்திரத்தைத் துலக்கப் போய்விடுவார்.

நமக்கு இது அலட்சியம்போலத் தோன்றுகிறது, இல்லையா? ஒரு தப்புச் செய்துவிட்டால் நாம் ஒரு வாரம் வேதத்தைத் திறப்பதில்லை. திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறோம். அதற்கு மனஸ்தாபம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். கொஞ்சம் கிளறிப்பார்த்தால் உள்ளே வேறொரு குரல் கேட்கும்: "நானா? இத்தனை வருஷம் ஊழியம் செய்த நானா இப்படிச் செய்தேன்?" அந்த 'நானா'வில் இருப்பது அடிபட்ட கௌரவம். தன் பலவீனத்தை உண்மையிலேயே அறிந்தவனுக்கு அதில் வருத்தம் இருக்கும், ஆச்சரியம் இருக்காது. ஆச்சரியம் இல்லாதவன் சீக்கிரம் திரும்பிவிடுகிறான். பாவம் செய்த மணிநேரத்தைவிட, செய்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாட்களே நம்மில் பலரைத் தேவனைவிட்டு அதிக தூரம் கொண்டுபோயிருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

இயேசுவின் சீஷனாகிய பேதுருவைப் பாருங்கள். லூக்கா 5ஆம் அதிகாரத்தில் வலை கிழிந்துபோகுமளவுக்கு மீன் கிடைத்ததைக் கண்டு இயேசுவின் பாதத்தில் விழுகிறான்: "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்." உருக்கமான வார்த்தைதான். ஆனால் அந்தத் தாழ்மை ஆண்டவரைத் தூரப்போகச் சொல்கிறது. அதே பேதுரு பின்னால், "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்கிறான். இயேசு பிடிபட்ட இரவில், சேவல் கூவுவதற்குள் அவரை அறியேன் என்று மூன்றுதரம் மறுதலிக்கிறான்.

யோவான் 21இல், இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, மறுபடியும் அதே கடல், வலை நிறைய மீன். கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று பேதுரு அறிகிறான். இந்த முறை அவன் கைகளில் மறுதலிப்பின் கறை இருக்கிறது. "என்னைவிட்டுப் போம்" என்று சொல்ல முன்பைவிட நூறு மடங்கு காரணம் உண்டு. கரைக்கு ஏறக்குறைய இருநூறு முழத் தூரம் என்று வேதம் அளந்தே சொல்கிறது. படகு கரை சேரும்வரை அவனால் காத்திருக்க முடியவில்லை. மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துவிட்டான்.

கரையில் இயேசு கேட்கிறார்: "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" பழைய பேதுருவாக இருந்தால் "எல்லாரிலும் அதிகமாய்" என்றிருப்பான். இப்போது 'இவர்களிலும் அதிகமாய்' என்பதை அவன் தொடவே இல்லை. உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர் என்று மட்டும் சொல்கிறான். என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று இயேசு அவனிடம் ஒப்படைக்கிறார்.

மாறிவிட்டான் என்று நாம் கைதட்டப் போகிறோம். சில வசனங்கள் தாண்டியதும் திரும்பிப் பார்க்கிறான். பின்னால் இயேசுவுக்கு அன்பான சீஷன் வருகிறான். உடனே, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" ஒப்பிடுகிற புத்தி அதற்குள் எட்டிப்பார்த்துவிட்டது! ஆடுகளை மேய்க்கச் சொன்ன வேலையை ஆண்டவர் அதற்காகப் பிடுங்கிக்கொள்ளவில்லை. "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்கிறார்.